பீத்தோவன் ஓபஸ் 132, மூன்றாவது மூவ்மெண்ட்: எதைப் பின்தொடர்ந்து கேட்கிறீர்கள்?

மெல்லிசைவாணி (இழையைத் தொடங்கியவர்):
பீத்தோவனின் ஏ மைனர் குவார்ட்டெட்டில் (இரண்டு வயலின், வயோலா, செல்லோ என நான்கு பேர் வாசிப்பது), நடுவில் வரும் அந்த நீண்ட மெதுவான மூவ்மெண்டை, அதாவது பாகத்தைப் பற்றி மட்டும் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். வாசிப்பவர்களைப் பொறுத்து 15 முதல் 20 நிமிடம் வரை ஓடும். கேட்டவர்களில் பலர் "மனதுக்கு அமைதியாக இருக்கிறது" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்குள் நடப்பது அதைவிட ரொம்பப் பெரியது என்பது என் உறுதியான எண்ணம்.

பின்னணி சுருக்கமாக. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த இளவரசர் நிக்கோலாய் கலீட்சின் தானும் செல்லோ வாசிப்பவர். 1822-ல் பீத்தோவனிடம் ஒன்றோ, இரண்டோ, மூன்றோ குவார்ட்டெட் எழுதித் தரும்படி கேட்டார். அப்படி வந்தவற்றில் இது ஒன்று. எழுதிக்கொண்டிருக்கும்போது, 1825 ஏப்ரலில், பீத்தோவன் கடுமையான குடல் நோயில் படுத்துவிட்டார். மருத்துவர் பிரவுன்ஹோஃபர் ஒயின், காபி, மசாலா எல்லாவற்றையும் நிறுத்தினார். மே மாதம் ஓரளவு தேறி, வியன்னாவுக்குத் தெற்கே இருக்கும் பாடன் ஊருக்குப் போனார். இந்த மூவ்மெண்டின் தலையில் அவரே எழுதியிருப்பது: நோயிலிருந்து மீண்டவன் இறைவனுக்குச் செலுத்தும் புனித நன்றிப் பாடல், லிடியன் மோடில் (பழைய தேவாலய ஸ்வர வரிசைகளில் ஒன்று).

இப்போது கேட்கும் முறைக்கு வருகிறேன். முதல் பகுதியில் ஒரு கோரல் இருக்கிறது, தேவாலயத்தில் எல்லோரும் சேர்ந்து பாடுவது போன்ற பாட்டு. மொத்தம் ஐந்து வரி. ஒவ்வொரு வரியிலும் எட்டு நீண்ட ஸ்வரங்கள், நான்கு பார் (தாளக் கட்டம்). ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இரண்டு பார் நீளத்துக்குச் சின்னதாக ஒரு நுழைவு. ஒரு வாத்தியம் ஆரம்பிக்க, மற்றவை ஒவ்வொன்றாக அதைப் பார்த்துப் பின்னால் சேர்ந்துகொள்கின்றன. ஆக ஆறு பார் வீதம் ஐந்து முறை, மொத்தம் 30 பார். 31-வது பாரில் தாளம், சுருதி, முகம் எல்லாமே மாறி "புதிய வலிமையை உணர்ந்து" என்ற பகுதி தொடங்குகிறது. அப்புறம் பாட்டு திரும்புகிறது, வலிமைப் பகுதி திரும்புகிறது, கடைசியாகப் பாட்டு இன்னொரு முறை.

எல்லோருடைய காதும் பாட்டு வரியைத்தான் பிடித்துக்கொள்ளும். நான் சொல்வது, பாட்டை விட்டுவிட்டு நுழைவைப் பின்தொடருங்கள். முதல் முறை அது வெறும் வாசற்படி. 84-வது பாரில் பாட்டு திரும்பும்போது கோரல் முதல் வயலினில் ஒரு ஸ்தாயி மேலே போய்விடும். கீழே மூன்று வாத்தியங்களும் அந்த நுழைவின் சாயலிலேயே ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும், வரி வந்ததும் ஒதுங்கி நிற்காது. 168-ல் கடைசி முறை வரும்போது கோரலில் மிஞ்சுவது முதல் வரி மட்டும்தான். மற்ற நான்கு வரிகளும் இல்லை. நுழைவுதான் இப்போது முழு இசையும். இந்த மாற்றத்துக்காகத்தான் இந்த மூவ்மெண்ட் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன்.

நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டு கேட்கிறீர்கள்?

புதுக்காது:
வாணி அக்கா, எனக்கு ஸ்கோர் படிக்கத் தெரியாது. குவார்ட்டெட் கேட்க ஆரம்பித்தே கொஞ்ச நாள்தான். நுழைவு எங்கே முடிகிறது, பாட்டு எங்கே தொடங்குகிறது என்று காதால் மட்டும் கண்டுபிடிக்க முடியுமா? எனக்கு எல்லாம் ஒரே மெதுவாகத்தான் கேட்கிறது.

மெல்லிசைவாணி:
தாராளமாக முடியும். நுழைவில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் அசைவதில்லை. ஒருவர் ஸ்வரத்தை மாற்றும்போது இன்னொருவர் பிடித்துக்கொண்டிருப்பார். பாட்டு வரி தொடங்கியதும் நான்கு பேரும் ஒரே கணத்தில் ஸ்வரம் மாற்றுவார்கள், எட்டு முறை. அந்த எட்டையும் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். எட்டாவது முடிந்ததும் மறுபடி யாராவது ஒருவர் தனியாகக் கிளம்புவார்.

முதல் நாள் மூவ்மெண்ட் முழுவதையும் கேட்கவே வேண்டாம். முதல் 30 பார் மட்டும், நாலைந்து நிமிடம்தான் வரும். ஐந்து வரிகளும் பிடிபட்ட பிறகு மேலே போங்கள். ஹெட்போனில் கேட்டால் நல்லது. ஆரம்பத்தில் "சோட்டோ வோச்சே" என்று போட்டிருக்கிறார், குரலை அடக்கிப் பாடுவதுபோல. அறையில் மின்விசிறி சத்தத்தில் பாதி போய்விடும்.

கல்யாணிப்பிரியர்:
லிடியன் என்றதும் நம்மில் பலருக்குக் கை துடிக்கும். எஃப்-ஐ சட்ஜமாக வைத்து, பி-யை ஃபிளாட் ஆக்காமல் (அரை ஸ்வரம் இறக்காமல்) விட்டால் நான்காவது ஸ்வரம் பிரதி மத்யமம். மற்றதெல்லாம் சங்கராபரண ஸ்வரங்கள். அதாவது 65-வது மேளம், மேசகல்யாணி. கல்யாணியின் ஸ்வரங்களை மட்டும் வைத்து வியன்னாவில் ஒருவர் 1825-ல் ஒரு துதிப்பாடல் எழுதியிருக்கிறார் என்பது எனக்கு இன்றும் சிலிர்ப்பான விஷயம். கோரலில் ஒரு பி-ஃபிளாட் கூட இல்லை.

ஆனால் கல்யாணி என்று நினைத்துக் கேட்கப் போனால் ஏமாற்றம் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். கமகம் இல்லை என்பது பெரிய குறை இல்லை, அதை எதிர்பார்த்துப் போகக்கூடாது. விஷயம் வேறு. கல்யாணியில் அந்த மத்யமத்தைச் சுற்றித்தான் ராகத்தின் உயிர் இருக்கும். சட்ஜ பஞ்சமங்களைத் தாண்டிப் போகும் பிரயோகங்களில் அது பளிச்சென்று தெரியும். இங்கே பீத்தோவன் அதை முன்னால் நிறுத்திக் காட்டவில்லை. பி வரும், அடுத்த கணம் சி-க்குப் போய்விடும். ராகமாகக் கேட்காமல் வெளிச்சமாகக் கேட்டால்தான் எனக்கு இது பிடிபடுகிறது.

வயோலா மாறன்:
கல்யாணிப்பிரியர் ஐயா சொன்ன கடைசி விஷயத்தை வாசிப்பவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் நீட்டுகிறேன். நான் தொழில்முறைக் கலைஞன் இல்லை, நண்பர்களோடு வீட்டில் வாசிப்பவன். வயோலா பாகம் எனக்குத் தெரியும்.

உங்கள் பி, சி-க்குப் போகிறது என்றீர்களே, சிக்கலே அங்கேதான். பி-யிலிருந்து சி-க்கு அரை ஸ்வரம் ஏறும்போது மேற்கத்திய இசையில் பழகிய காது "ஓ, சி மேஜர்" என்று முடிவு கட்டிவிடும். கோரல் வரிகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. ஆனால் எழுதியவர் எஃப்-ஐத்தான் வீடு என்கிறார். உங்கள் மொழியில் சொன்னால் இது கிரக பேதம்தானே? சங்கராபரணத்தின் மத்யமத்தை சட்ஜமாக வைத்தால் கல்யாணி. கச்சேரியில் தம்பூரா இருப்பதால் எது சட்ஜம் என்ற சந்தேகம் வராது. இங்கே தம்பூரா இல்லை. நான்கு பேரும் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். எஃப் வீடா, சி வீடா என்பது கடைசிவரை தீராது. அந்தத் தீராமைதான் இதை மிதக்க வைக்கிறது. "அமைதி" என்று பலர் சொல்வது இந்த மிதப்பைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. வயோலாவின் சும்மா தந்திகள் சி, ஜி, டி, ஏ. வயலினில் ஜி, டி, ஏ, இ. ஷார்ப்பும் ஃபிளாட்டும் இல்லாத இந்தக் கோரலில் நீங்கள் தொடாத தந்திகளும் சேர்ந்து அதிர்ந்துகொண்டிருக்கும். தோளில் வாத்தியம் வைத்திருப்பவனுக்கு அது உடம்பில் தெரியும். நல்ல ஒலிப்பதிவில் கேட்பவர்களுக்கும் ஒரு திறந்த ஓசையாகத் தெரியும். கூடவே சில குழுவினர் கோரலில் வைப்ரட்டோவை (ஸ்வரத்தை அதிரவைக்கும் விரல் அசைவை) ஏறக்குறைய விட்டுவிடுகிறார்கள். அப்போது ஸ்வரத்தை மறைக்க எதுவும் இல்லை. நான்கு பேரில் ஒருவர் ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் அந்தக் கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) உடனே மங்கிவிடும். வில் மாற்றுகிற இடமும் கேட்கக்கூடாது. இந்த 30 பாரைப் போல என் வலது கையைப் பயமுறுத்தியது வேறு எதுவும் இல்லை.

கல்யாணிப்பிரியர்:
கிரக பேதம் என்று மாறன் சொன்னது மிகச் சரி. ஒரே ஒரு வேறுபாடு. நம் வித்வான்கள் ஆலாபனையில் கிரக பேதம் செய்யும்போது கொஞ்ச நேரம் போய்விட்டு வீடு திரும்புவார்கள், திரும்பிய இடம் சபைக்கே தெரியும். இங்கே போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. நான் மெல்ல எஃப் ஸ்வரத்தைப் பாடிக்கொண்டே கேட்டுப் பார்த்தேன், இந்த இசைக்கு நானே சுருதிப்பெட்டி மாதிரி. அப்படிக் கேட்டால் கல்யாணியின் உறவு நன்றாகத் தெரிகிறது. சி பாடிக்கொண்டு கேட்டால் வேறொரு பாட்டு. மற்றவர்களும் செய்து பாருங்கள்.

ஆர்கன் ஜெபா:
எங்கள் ஊர் லுத்தரன் ஆலயத்தில் பல வருடமாக ஆர்கன் வாசிக்கிறேன். இந்த மூவ்மெண்ட் எனக்குக் கேட்ட மாத்திரத்தில் வழி தெரிந்த இடம் மாதிரி இருந்ததற்குக் காரணம் இருக்கிறது.

வாணி அக்கா நுழைவு என்று சொல்வது வெறும் கற்பனை அலங்காரம் இல்லை. அந்தக் காலத்து ஜெர்மன் தேவாலயங்களில் சபை ஒரு வரியைப் பாடி முடித்ததும், அடுத்த வரிக்கு முன் ஆர்கன் வாசிப்பவர் சின்னதாக ஒரு இடைவாசிப்பு வாசிப்பார். சபைக்கு மூச்சு வாங்க நேரம், அடுத்த ஸ்வரத்துக்கு வழிகாட்டல், இரண்டும் அதில் நடக்கும். பீத்தோவன் சிறுவனாக பான் நகரில் அரசவை உதவி ஆர்கனிஸ்ட்டாக வேலை பார்த்தவர். ஆலயத்தில் வரிக்கு வரி காத்திருக்கும் பழக்கம் அவர் கையில் இருந்திருக்க வேண்டும். 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த மிஷனரிகள் வழியாக ஜெர்மன் கோரல்கள் தமிழில் ஞானப்பாட்டுகளாக நமக்கும் வந்தன. இன்றும் பாடுகிறோம். அதனால் எட்டு நீண்ட ஸ்வரம், நிறுத்தம், அடுத்த எட்டு என்பது எங்கள் சபையில் இருக்கும் பாட்டிக்குக்கூடப் பழகிய நடை.

இதை வைத்து யோசித்தால் அக்கா சொன்னதன் கனம் கூடுகிறது. இடைவாசிப்பு என்பது ஆர்கன்காரர் தனியாக வாசிப்பது. பாட்டு என்பது சபை பாடுவது. கடைசிப் பகுதியில் சபையின் வரிகள் ஒன்றாகக் குறைந்து, தனியாள் வாசித்தது முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. பொதுவழிபாடு அந்தரங்க ஜெபமாக மாறுவது போலத்தான் எனக்குக் கேட்கிறது. அந்த இடத்தில்தான் அவர் "மிகவும் உள்ளார்ந்த உணர்வோடு" என்று எழுதியிருக்கிறார், முதல் பகுதியில் அந்தக் குறிப்பு இல்லை.

மெல்லிசைவாணி:
ஜெபா, இது எனக்குப் புதிது, ரொம்ப நன்றி. சபை, தனியாள் என்று பிரித்தது எனக்கு முன்பு தோன்றாத வழி. இனி 168-வது பாரை வேறு மாதிரிதான் கேட்பேன்.

பழந்தட்டு:
ஒலிப்பதிவுகள் பற்றி யாரும் பேசவில்லையே. புஷ் குவார்ட்டெட் 1937-ல் லண்டனில் பதிவு செய்ததை நான் இன்றும் முதலில் வைப்பேன். 78 சுற்றுத் தட்டு. ஒரு பக்கத்துக்கு நாலு நாலரை நிமிடம்தான் கொள்ளும், அதனால் இந்த ஒரு மூவ்மெண்டையே பல பக்கங்களாக வெட்டித்தான் பதிக்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் இழை அறுந்த உணர்வு இல்லை. அடால்ஃப் புஷ் கோரல் வரியின் எட்டு ஸ்வரத்தையும் ஒரே மூச்சாகக் கொண்டுபோவார். பின்னணியில் தட்டின் இரைச்சல் இருக்கும், இரண்டு நிமிடத்தில் காது அதை ஒதுக்கிவிடும்.

அதற்கு நேர் எதிர்ப்பக்கம் குவார்ட்டெட்டோ இத்தாலியானோ என்ற குழு. நல்ல மெதுவான வாசிப்பு, பட்டு மாதிரி ஒலி. மாறன் சொன்ன வைப்ரட்டோ குறைந்த வாசிப்பு வேண்டுமென்றால் இப்போதைய குழுக்களில் தேடலாம், நிறையப் பேர் அப்படி வாசிக்கிறார்கள்.

என் கருத்து: மெதுவாக இருக்க இருக்க நல்லது. இந்த இசைக்கு அவசரம் கூடாது. 20 நிமிடம் வந்தாலும் தகும்.

வயோலா மாறன்:
பழந்தட்டு ஐயா, வேகத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பீத்தோவன் 1817-ல் அதுவரை எழுதிய 11 குவார்ட்டெட்டுகளுக்கும் மெட்ரோனோம் எண் (வேகத்தைக் குறிக்கும் எண்) கொடுத்தார். கடைசிக் காலக் குவார்ட்டெட்டுகளுக்குக் கொடுக்கவில்லை. ஆக "மோல்ட்டோ அடாஜியோ" (மிக மெதுவாக) என்ற சொல்தான் நம்மிடம் இருப்பது. எவ்வளவு மெதுவாக என்பதை இசையே சொல்ல வேண்டும்.

அளவு மீறி மெதுவாக்கினால் எட்டு ஸ்வரமும் எட்டுத் தனிக் கோர்டுகளாக உடைந்துவிடும். வரி என்ற உணர்வே போய்விடும். ஜெபா சொன்ன மாதிரி அது ஒரு சபை பாடுகிற பாட்டு. மனிதர்கள் ஒரே மூச்சில் பாட முடியாத வரி கோரல் ஆகாது. புஷ்ஷை நீங்கள் விரும்புவதற்குக் காரணமே அந்த ஒரே மூச்சுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

பழந்தட்டு:
மூச்சு என்ற அளவுகோல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் வில்லுக்கு மனிதனின் மூச்சு எல்லை கிடையாது. மனிதக் குரலால் முடியாத நீளத்தைத் தந்தி வாத்தியம் தாங்கும் என்பதால்தான் இதைப் பாடகர்களுக்கு எழுதாமல் குவார்ட்டெட்டுக்கு எழுதினார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இதில் நாம் வேறு வேறு பக்கம் இருப்போம்.

தென்றல்_தெற்கு:
எல்லோரும் நோய், நன்றி, ஜெபம் என்று போவதால் ஒரு மாற்றுக் குரல். தலைப்பை மறைத்துவிட்டு இதை ஒருவருக்குப் போட்டுக் காட்டினால் அவர் "நோயிலிருந்து மீண்டவர்" என்று சொல்வாரா? எனக்குச் சந்தேகம். கதை தெரிந்தபின் கேட்பதால் நாம் எல்லா பாரிலும் மருத்துவமனையைத் தேடுகிறோம். அவருக்கு நோய் வந்தது உண்மை, ஆனால் லிடியன் மோடில் எழுத வேண்டும் என்ற ஆர்வம் நோயால் வந்ததில்லை. மிஸ்ஸா சொலெம்னிஸ் என்ற வழிபாட்டு இசையை எழுதிய வருடங்களிலேயே பழைய தேவாலய மோடுகளை அவர் தேடிப் படித்துக்கொண்டிருந்தார்.

மெதுவான மூவ்மெண்ட் என்றால் என் மனம் போவது ஓபஸ் 130-ன் கவட்டீனாவுக்குத்தான். அதே கலீட்சினுக்காக எழுதியது, அதே 1825. ஏழு நிமிடம் கூட ஆகாது. 1977-ல் வாயேஜரோடு விண்வெளிக்கு அனுப்பிய தங்கத் தட்டில் புடாபெஸ்ட் குவார்ட்டெட் வாசித்த அதுதான் கடைசி உருப்படி. நடுவில் முதல் வயலின் தாளத்தோடு சேராமல் திணறித் திணறிப் பேசும் சில பார்கள் உண்டு. தலைப்பு, விளக்கம் எதுவும் தேவையில்லை, தொண்டை அடைக்கிறது என்பது யாருக்கும் புரியும்.

மெல்லிசைவாணி:
தென்றல், கவட்டீனாவின் அந்தப் பார்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். அதற்கே ஒரு தனி இழை வேண்டும், நீங்களே தொடங்குங்கள்.

தலைப்பை மறைத்துக் கேட்கும் சோதனை நல்ல சோதனைதான். அதில் இந்த மூவ்மெண்ட் தேறும் என்று நம்புகிறேன். காரணம் அந்த "புதிய வலிமை" பகுதி. அதுவரை எஃப் வீடு என்று இருந்தோம். டி மேஜர் வந்ததும் அந்த எஃப்-பே எஃப்-ஷார்ப் ஆகிவிடுகிறது. அதாவது நின்ற தரையே அரை ஸ்வரம் எழும்புகிறது. தாளம் 3/8, முதல் வயலினில் டிரில்கள் (இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது), பெரிய பெரிய தாவல்கள், ஒரு கணம் உரத்து அடுத்த கணம் மெலிந்து. படுக்கையில் கிடந்தவர் என்ற கதை தெரியாவிட்டாலும், உடம்புக்குள் ரத்தம் ஓடத் தொடங்கியது என்பதைக் காது உணரும். அந்தப் பகுதியை நோய்க்கதையின் படவிளக்கமாக நான் கேட்பதில்லை. ஆனால் மருத்துவமனையே இல்லை என்று விலக்கவும் மாட்டேன். அதே மே மாதம் பிரவுன்ஹோஃபருக்கு ஒரு குட்டிக் கேனன் (ஒரே மெட்டை ஒருவர் பின் ஒருவராகப் பாடுவது) எழுதி அனுப்பியிருக்கிறார், "டாக்டரே, மரணத்துக்குக் கதவை அடையுங்கள்" என்று தொடங்குவது. நோய் அவர் எழுத்து மேசை வரை வந்திருந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த வலிமை இரண்டு முறை வருகிறது, மூன்றாவது முறை வருவதில்லை. மூவ்மெண்ட் அங்கே முடிந்திருந்தால் உங்கள் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டிருப்பேன்: நோய், குணம், கொண்டாட்டம், சுபம். அவர் அங்கே முடிக்கவில்லை. மறுபடி கோரலுக்குப் போய், அதன் முதல் வரியை மட்டும் எடுத்து, நுழைவின் அசைவோடு ஒவ்வொரு வாத்தியமாகக் கைமாற்றுகிறார். மெல்ல மெல்ல ஏறி, நான்கு பேரும் ஸ்வரத்துக்கு ஸ்வரம் அழுத்தி வாசிக்கும் உச்சம் வருகிறது. அந்த உச்சத்தில் சந்தோஷம் என்று ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க என்னால் முடியவில்லை. குணமான ஒருவர் ஏன் இவ்வளவு பலத்தோடு கேட்க வேண்டும், அல்லது நன்றி சொல்ல வேண்டும்? எனக்கு ஜெபாவின் பதில்தான் இப்போதைக்குச் சரியாகப் படுகிறது.

தென்றல்_தெற்கு:
வலிமை மூன்றாவது முறை வரவில்லை என்பதை நான் கவனித்ததே இல்லை. அது வாதம் செய்யத் தகுந்த இடம். கவட்டீனா இழை இந்த வாரம் தொடங்குகிறேன்.

புதுக்காது:
முதல் 30 பார் மட்டும் என்று அக்கா சொன்னபடி செய்தேன். எட்டு எண்ணுவது உடனே பிடிபட்டது. ஐந்து வரிக்கும் ஐந்து நுழைவு, காதாலேயே தெரிகிறது! அப்புறம் பொறுக்க முடியாமல் முழுவதும் கேட்டேன். இரண்டாவது முறை பாட்டு திரும்பும்போது எண்ண முடியவில்லை. மேலே வயலின் நீட்டுகிறது, கீழே எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, எட்டு எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. நான் தவறவிட்டேனா, அல்லது அப்படித்தான் எழுதியிருக்கிறாரா?

இன்னொரு கேள்வி, மாறன் அண்ணாவுக்கும் கல்யாணிப்பிரியர் ஐயாவுக்கும். கடைசிக் கோர்டு முடிந்ததா, முடியவில்லையா? எனக்கு இன்னும் ஏதோ வரப்போகிறது போல இருந்தது.

வயோலா மாறன்:
நீங்கள் தவறவிடவில்லை தம்பி. வரியின் முடிவு நுழைவுக்குள் கரையும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. எண்ண முடியாமல் போனது தெரிந்ததே நல்ல கேட்பு.

கடைசிக் கோர்டு எஃப் மேஜர். எழுத்துப்படி வீடு வந்தாயிற்று. என் காதுக்கு அது சி மேஜரின் நான்காவது கோர்டாக, பாதிப் படியில் நிற்பதாகவே இன்றும் கேட்கிறது.

கல்யாணிப்பிரியர்:
எனக்கு முடிந்துவிட்டது. கடைசிப் பகுதியில் எஃப்-க்கு மறுபடி மறுபடி வந்து சேர்கிறார்கள், அங்கே சட்ஜம் நிலைத்துவிட்டது. கேட்பவர் எந்தப் பயிற்சியிலிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்து இது மாறும். மாறனும் நானும் ஒரே அறையில் உட்கார்ந்து கேட்டாலும் இரண்டு முடிவு கேட்போம்.

ஆர்கன் ஜெபா:
புதுக்காது தம்பி, அந்தக் கோர்டோடு பிளேயரை நிறுத்திவிட்டீர்களா? நிறுத்தாதீர்கள். அடுத்ததாக வருவது ஏ மேஜரில் ஒரு குட்டி மார்ச், சுறுசுறுப்பானது, சுமார் இரண்டு நிமிடம். எஃப் மேஜர் கோர்டுக்கும் ஏ மேஜர் கோர்டுக்கும் பொதுவாக இருப்பது ஏ என்ற ஒரே ஸ்வரம். அதைப் பிடித்துக்கொண்டு கதவு திறந்து தெருவுக்கு வந்த மாதிரி இருக்கும். பிறகு முதல் வயலின் தனியாகப் பேசுவதுபோல ஒரு பகுதி, அங்கிருந்து கடைசி மூவ்மெண்ட். அதன் மெட்டை பீத்தோவன் முதலில் ஒன்பதாவது சிம்பொனியின் முடிவுக்காகக் குறித்து வைத்திருந்தார். குவார்ட்டெட்டின் ஐந்து மூவ்மெண்டையும் ஒரே அமர்வில் கேளுங்கள், முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். கேட்டுவிட்டு அந்தக் கடைசிக் கோர்டைப் பற்றி மறுபடி இங்கே எழுதுங்கள்.